வெந்தான்பாறையின் ஊமை வண்டிகள்

வெந்தான்பாறை ஏற்றத்தில் கூட்ஸ் வண்டிகளின் சத்தம் களவுபோக ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு என்று அங்கே எல்லோரும் அடித்துச் சொல்வார்கள்; ஏனென்றால் அந்த நேரத்தில்தான் நாற்பத்திரண்டு பெட்டி நிலக்கரி வண்டி ஒன்று முன்னால் இழுக்க இரண்டு எஞ்சினும் பின்னால் தள்ள ஒரு எஞ்சினுமாக மலையைப் பாதி ஏறி, வளைவில் திரும்பி, அங்கே ஒரு மொட்டைப் பாறையின் மேல் முக்காலியில் கேமராவை நிறுத்திக் காத்துக்கொண்டிருந்த சந்திரமௌலி என்பவன் பட்டனைத் தட்டிய அந்த நொடியே, பேசிக்கொண்டிருக்கிற ஆளின் வாயைப் பொத்தியதுபோல் ஊமையாகிப் போனது. வண்டி நிற்கவில்லை. புகை வந்தது, சக்கரம் சுற்றியது, ஜல்லிக்கு நடுவிலிருந்து தூசி எழும்பியது, டிரைவர் ஹாரன் கயிற்றை இழுப்பதுகூடத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. டீக்கடை வெள்ளைக்கண்ணு தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்து பார்த்துவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போனான்.

வெந்தான்பாறை ஊர் என்று சொல்லிக்கொள்ளும்படியான ஊர் இல்லை. கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல் தேரி, மேற்கே புல் முளைக்காத மலை. மழைமேகம் அந்த மலையின் மறுபக்கம் வரைக்கும் வந்து, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, இறங்க மனசில்லாமல் திரும்பிப் போய்விடும், காற்று மட்டும் வருஷம் முழுக்க நிற்காமல் அடிக்கும். மலையைச் சுற்றி வளைந்து ஏறுகிற ஒரு தண்டவாளம், அதைப் பார்த்துக்கொள்ளப் பதினெட்டுக் குடும்பம், அவர்களுக்கு ஒரு டீக்கடை, ஒரு வாத்தியார் இருக்கிற ஒரு பள்ளிக்கூடம், ஆள் ஏறும் வண்டி எதுவும் நிற்காத ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். இப்படி ஒரு இடத்துக்கு ஒருவன் வேலைமெனக்கெட்டுப் பட்டணத்திலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, டீக்கடை மாடியில் அறை எடுத்துத் தங்கி, வெயிலில் காய்ந்து கருவாடாகி, கரி வண்டியையும் சிமெண்டு வண்டியையும் படம் பிடிக்கிறான் என்றால் அவனுக்கு என்ன கேடு என்றுதான் முதலில் எல்லோரும் கேட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். பிறகுதான் சிரிப்பு நின்றது.

அந்தப் பதினெட்டுக் குடும்பமும் காதால் பிழைத்துக்கொண்டிருந்தவை. தண்டவாளத்தில் வேலை நடக்கும்போது இரண்டு பக்கமும் தூரத்தில் ஒரு ஆள் கொடி பிடித்து நின்று வண்டி வருவதைச் சொல்ல வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் வெந்தான்பாறையில் எந்தக் காலத்திலும் எவரும் கொடி பிடித்து நின்றதில்லை. சரக்கு ஏற்றிய வண்டி மலை ஏறினால் இருபது நிமிஷத்துக்கு முன்னாலேயே அதன் முக்கல் கேட்டுவிடும், காலி வண்டி மலை இறங்கினால் பிரேக்கின் கீச்சு எட்டு நிமிஷத்துக்கு முன்னால் வந்துவிடும், பிறகு என்னத்துக்கு ஒரு ஆளை வீணாக நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் நியாயம். எந்த எஞ்சின் வருகிறது, எத்தனை பெட்டி, அதற்கு உடம்பு சரியில்லையா என்பதுவரை முதுகைத் திருப்பாமலே சொல்வார்கள். முதுகைத் திருப்புவது அங்கே ஒரு வெட்கக்கேடு மாதிரி, புதிதாக வேலைக்கு வந்தவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

கீமேன் கொம்பையா ஒருநாளும் திரும்பிப் பார்த்தவன் இல்லை. தினம் ஏழு கிலோமீட்டர் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, அதை அடிக்கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் கழன்றவற்றைச் சுத்தியலால் அடித்து இறுக்கிக்கொண்டே போகிற வேலை அவனுக்கு. செவ்வாய்க்கிழமை ஒரு வண்டி ஊமையானது அவனுக்கும் தெரியும், அந்த ஒரு வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். வியாழக்கிழமை குனிந்து சாவி அடித்துக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால் காலி வண்டி ஒன்று, முந்தின நாள் சந்திரமௌலி படம் பிடித்த வண்டி, ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இறங்கி வந்தது. உயிர் தப்பியது, வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அவனை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி, அந்த வேலையை அவன் பெண்டாட்டி மாடத்திக்குக் கொடுத்தார்கள். ஐந்தரை அடி உயரமும் யாருக்கும் அடங்காத வாயும் உள்ள மாடத்தி, புருஷனுடைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, புருஷனுடைய சுத்தியலையே எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனாள். அன்றையிலிருந்து சந்திரமௌலியை அவள் ஒரு நாளில் ஐந்து தடவையாவது வெறுத்தாள், பாறையில் அவன் நிழல் தெரிகிற ஒவ்வொரு தடவையும்.

மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள். விசாரிக்க வந்த அதிகாரி ஒரு ஊமை வண்டி போவதைக் கண்ணாலேயே பார்த்தார், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்தார், பிறகு எஞ்சின், பெட்டி, சரக்கு எல்லாம் கணக்குப்படி இருக்கிறது, சத்தம் என்பது எந்தப் பதிவேட்டிலும் இலாகாவின் சொத்தாகக் காட்டப்படவில்லை, இல்லாத சொத்து களவுபோனதாக எப்படி எழுதுவது என்று கேட்டார். பாறை புறம்போக்கில் இருக்கிறது, அங்கே நிற்பவனைத் துரத்த முடியாது என்றும் சொன்னார். வெள்ளைக்கண்ணு கொடுத்த டீ நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சத்தம் எங்கே போகிறது என்பதை வெள்ளைக்கண்ணுதான் முதலில் கண்டுபிடித்தான். வெளியே ஊமை வண்டி ஏறும்போதெல்லாம் அவன் கடை மாடியில் மலை இடிகிற மாதிரி சத்தம் கேட்டு, அலமாரியில் இருந்த கிளாஸெல்லாம் நடந்து வந்து கீழே விழுந்தன. மேலே போய்ப் பார்த்தால் சந்திரமௌலி படங்களைக் கழுவிச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். எந்த எஞ்சின் மலை ஏறுகிறதோ அந்த எஞ்சினின் படம் மட்டும் சுவரில் கிடந்து முக்கியது, கத்தியது, ஹாரன் அடித்தது. அப்படியானால் படத்தை லைனுக்கு எடுத்துப் போனால் பிழைத்துக்கொள்ளலாமே என்று ஊரில் எல்லோருக்கும் தோன்றுவதற்குள், அந்தப் பாவி படங்களையெல்லாம் கண்ணாடி போட்டுப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டான். அங்கே குளிர்பதனம் செய்த ஒரு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்களாம், ஜனங்கள் வரிசையில் நின்று கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கைதட்டுகிறார்களாம். திருப்பி வாங்கித் தா என்று கேட்டதற்கு, அவை என் கையைவிட்டுப் போய்விட்டன, நான் செய்வது படம் பிடிப்பது மட்டும்தான், அதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை, சத்தமில்லாத படம் உலகத்தில் ஆயிரம் இருக்கிறது, சத்தத்தோடு ஒன்று கிடைக்கும்போது அதை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று அவன் கேட்டான். அவன் அதைத் திமிராகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான். அதுதான் மாடத்திக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படியே ஒவ்வொரு வண்டியாக, கரி வண்டி, சிமெண்டு வண்டி, உர வண்டி, டேங்கர் வண்டி என்று ஆவணி முடிவதற்குள் அந்த மலையில் வாயுள்ள வண்டி ஒன்றுகூட மிச்சமில்லாமல் போயிற்று. முதலில் சில பேர் சந்தோஷப்பட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் தொண்டை தப்பித்தது என்றார். கைக்குழந்தைகள் பகலெல்லாம் தூங்கின. ஆனால் சிமெண்டு வண்டி ஏறும்போது உலை வைத்து உர வண்டி ஏறும்போது வடித்தவர்களுக்குச் சோறு குழைந்துபோனது, பாதி நாள் கரிந்தது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று வந்தது. அது யாரும் எதிர்பார்க்காதது. காலங்காலமாக அந்தக் குடியிருப்பில் மாமியாரைத் திட்டுகிறவள் வண்டி வரட்டும் என்று காத்திருந்து அந்தச் சத்தத்துக்குள் திட்டித் தீர்த்துவிடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் அதற்குள்தான் சண்டை போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரனை ஏசுகிறவன் அவனுக்கு எதிரிலேயே நின்று கடைசிப் பெட்டி போகிறவரை ஏசிவிட்டு, சத்தம் அடங்கியதும் என்ன மாமா சாப்பிட்டாச்சா என்று கேட்பான். இப்போது அதெல்லாம் பட்டப்பகலில் எல்லோர் காதிலும் விழுந்தது. வண்டி போகிறதைக் கண்ணால் பார்த்துப் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஐப்பசிக்குள் பதினெட்டு வீட்டில் பதினோரு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை, ஒருத்தர் கோழி இன்னொருத்தர் வாசலில் மேய்ந்தால் கால் ஒடிந்து திரும்பியது. எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சிய ஒரே ஒட்டு, சந்திரமௌலி மேலிருந்த வெறுப்புதான், அதைக் கண்ணுங்கருத்துமாக வளர்த்தார்கள்.

லைனில் வேலை செய்ய வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. கொடி பிடிக்க ஆள் நிறுத்தலாம் என்றால் ஐந்து பேர் கேங்கில் இரண்டு பேரை நிறுத்திவிட்டு மூன்று பேரால் கட்டை மாற்ற முடியாது, ஆள் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கேங்குக்குத் தலைவரான மேட் அருளப்பன்தான் காக்கை யோசனையைச் சொன்னார். வேலை நடக்கிற இடத்துக்கு மேலே இருநூறு அடி, கீழே இருநூறு அடி, இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் மேலேயே பழைய சோற்றை உருட்டி வைத்தார்கள். காக்கைகள் வந்து உட்கார்ந்து தின்னும். வண்டி வந்தால் பறக்கும். காக்கை பறந்தால் ஆள் ஒதுங்க வேண்டும். இரண்டு மாதத்தில் அது வேரூன்றிவிட்டது. காக்கை உட்காரும்வரை கடப்பாரையைத் தொட மாட்டார்கள், வீட்டில் பிள்ளைகளுக்கு இல்லாவிட்டாலும் காக்கைக்கு ஒரு பிடி ஒதுக்குவார்கள், குனிந்து வேலை செய்யும்போதும் ஒரு கண் காக்கை மேல் இருக்கும். காதால் பிழைத்த ஜனம் காக்கையின் தயவில் பிழைக்க வேண்டியதாயிற்றே என்று அருளப்பன் மனம் வெந்து சொல்வார்.

சந்திரமௌலியைச் சும்மாவும் விடவில்லை. வெள்ளைக்கண்ணு டீயை நிறுத்தினான், அறையைக் காலி செய்யச் சொன்னான், அவன் ஸ்டேஷன் பக்கத்து இடிந்த பண்டக அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். பாறைக்கு ஏறுகிற வழியில் உடைமுள் வெட்டிப் போட்டார்கள், சுற்றிக்கொண்டு ஏறினான். குடத்துத் தண்ணீரில் தேரி மணலைக் கொட்டினார்கள், வடிகட்டிக் குடித்தான். படத்தைக் கெடுப்பதற்கென்று லைன் ஓரம் ஆடுகளை ஓட்டிவிட்டார்கள், அதில் அருளப்பனின் வெள்ளாடு ஒன்று எஞ்சினோடு சேர்ந்து படத்துக்குள் விழுந்து அன்றோடு ஊமையாயிற்று. குட்டி போட்டபோதுகூட வாயைத் திறந்து திறந்து மூடியதே தவிர ஒரு சத்தம் வரவில்லை. பட்டணத்து மண்டபத்தில் அந்த நேரம் எந்தப் படம் கத்தியதோ, யார் கைதட்டினார்களோ.

ஆடுதான் அருளப்பனுக்கு வழி காட்டியது. மனுஷர்களை இவன் ஏன் ஒருநாளும் படம் பிடிப்பதில்லை, குறுக்கே வந்தால் நகருங்கம்மா நகருங்கம்மா என்று ஏன் கெஞ்சுகிறான் என்று அவர் கேங் குடிசையில் உட்கார்ந்து கேட்டார். மனுஷன் படத்தில் விழுந்தால் குரல் போய்விடும் என்று தெரிந்துதான் செய்கிறான் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பேச்சுவார்த்தை இல்லாத பதினோரு வீட்டுக்காரர்களும் அன்று கூடி உட்கார்ந்து பேசினார்கள். ஆட்டுக்கு நடந்தது அவனுக்கும் நடக்கட்டும் என்றார் அருளப்பன். பட்டனைத் தட்ட வேண்டியது மாடத்தி என்பதில் யாருக்கும் மறுபேச்சில்லை.

மறுநாள் மத்தியானம் நான்கு பேர் பாறையில் ஏறி அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மாடத்தி கேமராவின் ஓட்டையில் கண்ணை வைத்தாள். எட்டு மாதமாகத் தூரத்தில் ஒரு நிழலாகவே பார்த்து வெறுத்த ஆளின் முகம் முழுசாக அதற்குள் வந்து நின்றது. தோல் உரிந்த மூக்கு, வெடித்த உதடு, அவளைவிட நாலைந்து வயது சின்னவன். அவனுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"அம்மா, வேணும்னா கேமராவை உடைச்சிடுங்க. இதை மட்டும் செய்யாதீங்க" என்றான்.

"எம் புருசனும் ரெண்டு காலோடதான் இருந்தாரு" என்று சொல்லிவிட்டு மாடத்தி பட்டனைத் தட்டினாள்.

அவன் உதடு அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள்; எல்லோருக்கும் வயிறு குளிர்ந்தது, மாடத்திக்கு எல்லோரையும்விட அதிகமாகக் குளிர்ந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. பிலிம் சுருளைக் கழற்றி எடுத்துக்கொண்டு கேமராவை அவன் மடியிலேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் அந்த ஒரு படத்தை மட்டும் தபால் அட்டை அளவில் போட்டு வாங்கினாள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் பைக்குள்ளிருந்து ஆண் குரல் ஒன்று, வெள்ளைக்கண்ணு ஒரு டீ குடுங்க, சரி, தண்ணியாவது குடுங்க, சொல்றது புரியுதா, தண்ணி என்று கேட்டது. பக்கத்து சீட்டுக்காரி எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தாள். மாடத்திக்குச் சிரிப்பு வந்தது, வீடு வந்து சேர்கிறவரை அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். படத்தைத் தகரப் பெட்டியில் போட்டு மூடிப் பரணில் வைத்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவன் வாசலுக்கு வர ஆரம்பித்தான். வெளியே நின்று அவன் உதட்டை அசைப்பான், வீட்டுக்குள் பரணிலிருந்து குரல் வரும். என் படத்தைக் குடுத்துடுங்க என்பான். எங்கள் வண்டிகளின் படத்தைக் கொண்டு வந்து குடு, கொண்டு போ என்று மாடத்தி வாசலைப் பார்த்துச் சொல்லுவாள். எழுதிக் கேட்டிருக்கேன், தரமாட்டேங்கறாங்க, அதையெல்லாம் வாங்கினவங்க மண்டபத்துச் சுவத்துலயே பதிச்சிட்டாங்க என்று பரண் சொல்லும். அப்படியானால் உன்னுடையதும் பரணிலேயே பதிந்திருக்கட்டும் என்று கதவைச் சாத்துவாள். பட்டணத்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம், ஆனால் குரலை ஒரு வீட்டுப் பரணில் விட்டுவிட்டு எப்படிப் போவான். கேமராவை அவன் பிறகு தொடவில்லை. பாறையில் மட்டும் போய்த் தினமும் உட்கார்ந்தான், வேறு எங்கே உட்காருவது என்று அவனுக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் மாடத்தி எதிர்பார்க்காத ஒன்று அவள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பகலெல்லாம் கட்டிலில் கிடந்த கொம்பையா, பரணில் அந்தக் குரல் தனக்குத்தானே முணுமுணுப்பதைக் கேட்க ஆரம்பித்தான். பாறையில் தனியாக உட்கார்ந்திருப்பவன் வண்டிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டேயிருந்தான். இதோ சிமெண்டு வண்டி, நாற்பது பெட்டி, பின் எஞ்சின் கறுப்பாப் புகையுது, மூச்சு வாங்குது பாவம், வளைவுக்கு வந்தாச்சு, வா, வா, ஏறிடும். எட்டு மாதமாக வண்டி இல்லாமல் செத்துக்கொண்டிருந்த கொம்பையாவுக்கு அது சோறு மாதிரி இருந்தது. பெட்டியை இறக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான், அவள் வைக்கவில்லை, அவள் லைனுக்குப் போனதும் கம்பால் நெம்பி அவனே இறக்கிக்கொண்டான்.

"ஏளா, இத லைனுக்குக் கொண்டு போ" என்றான் ஒரு நாள் காலை. "வண்டி எங்க வருதுன்னு அவன் கண்ணால பாத்துப் பாத்துச் சொல்லுதான். உங்க காக்காயவிட இவன் நல்லாச் சொல்லுதான்."

"அவன் சொல்லிக் கேட்டு நான் வேலை பாக்கணுமாக்கும்" என்றாள் மாடத்தி. "உம்ம கால எடுத்தவன் வாயால எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"காலு போனது போனதுதான். உசுரு இருக்குல்லா உனக்கு."

மாடத்தி சுத்தியலையும் காக்கைச் சோற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அந்த நாளும், அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த பத்து நாளும் பெட்டி வீட்டிலேயே இருந்தது.

மார்கழி பிறந்து நாலாம் நாள், மலையைப் பிளந்து தண்டவாளம் வெளியே வருகிற இடத்தில் கட்டை மாற்றுகிற வேலை. மேலே இருநூறு அடியிலும் கீழே இருநூறு அடியிலும் சோறு வைத்து, காக்கை உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, ஐந்து பேரும் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழே வளைவிலிருந்து சந்திரமௌலி ஓடி வந்தான். பாறையைவிட்டு அவன் இறங்கி வேலை நடக்கிற இடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. இப்போது தண்டவாளத்துக்கு நடுவில் கட்டைகளில் தாவித் தாவி, இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயை அகலத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, மலை ஏற்றத்தில் அவர்களை நோக்கியே ஓடி வந்தான்.

இத்தனை நாள் குரலை அடைத்து வைத்ததற்குப் பழி வாங்க வருகிறான் என்று அருளப்பன் சொன்னார். பைத்தியம் முற்றிவிட்டது என்றான் இன்னொருவன். ஐந்து பேரும் அவன் பக்கம் திரும்பி, ஆளுக்கு இரண்டு ஜல்லிக் கல்லைக் குனிந்து பொறுக்கினார்கள். காக்கை என்ன செய்யும்? மனுஷன் குனிந்து கல்லை எடுத்தால் காக்கை உட்கார்ந்திருக்காது, அதன் பிறவிக் குணம் அது. கீழே இருந்த காக்கையும் பறந்தது, மேலே இருந்த காக்கையும் பறந்தது, கல்லைப் பார்த்துத்தான் பறக்கிறது என்று ஐந்து பேருக்குமே தெரியும், அதனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எறிந்தார்கள். ஒன்று அவன் தோளில் பட்டது, ஒன்று நெற்றியில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, அவன் நிற்கவில்லை. மாடத்தி காலை அகட்டி ஊன்றி, எட்டு மாதத்து ஆத்திரம் மொத்தத்தையும் தோளுக்குக் கொண்டு வந்து எறிந்தாள். கல் அவன் முட்டியில் போய் இறங்கியது. அவன் தண்டவாளத்தின் குறுக்கே விழுந்தான். விழுந்தவன் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தினான், அப்போதுதான் அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை, ஐந்து பேரில் ஒருவரையும் பார்க்கவில்லை, அவர்கள் தலைக்கு மேலே பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டியைத் தவிர வேறு எதையும் அவன் அப்படிப் பார்த்ததே இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"வண்டி" என்று மாடத்தி அலறி, பக்கத்தில் இருந்த அருளப்பனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தாள். மற்ற மூன்று பேரும் எங்கே போகிறோம் என்று தெரியாமலே குதித்தார்கள். காலி வண்டி, ஐம்பது பெட்டி, அவர்கள் நின்ற இடத்தின் மேல் ஒரு மூச்சும் இல்லாமல் இறங்கிப் போனது. அதன் காற்று மட்டும் முகத்தில் மணலை வாரி அடித்தது. அவள் பள்ளத்தில் கிடந்து கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தாள். கொஞ்சம் கீழே தண்டவாளத்தில் கிடந்தவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்ததையும், அதற்குள் வண்டி அவன் மேல் போனதையும் பார்த்தாள்.

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் போய் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வருவதற்குள்ளேயே அருளப்பன் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். வண்டி வருகிற நேரம் பார்த்துத்தான் வந்தான், நம்மைப் பராக்குக் காட்டி நிறுத்திவைத்துச் சாகடிக்க வந்தான், மாடத்திதான் ஐந்து உயிரைக் காப்பாற்றினாள். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வீடும் அந்தக் கதையை ஒரே மாதிரி சொல்லப் படித்துக்கொண்டது, பேச்சு விட்டுப்போனவர்கள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். மாடத்தி கேட்டுக்கொண்டு நின்றாள், அவளுக்கு அதை நம்ப வேண்டும்போல் இருந்தது, அப்படி ஒரு ஆசை அவளுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொம்பையா வாசற்படியில் கிடந்தான். கட்டிலிலிருந்து அதுவரைக்கும் தவழ்ந்து வந்திருக்கிறான், முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தது. தகரப் பெட்டி திறந்தபடி பக்கத்தில் இருந்தது.

"எல்லாரும் இருக்கியளா?" என்று கேட்டான்.

"இருக்கோம்."

"வண்டி வருது, மாடத்தியம்மா, பின்னால வண்டி வருதுன்னு உன் பேரச் சொல்லித்தான் கத்துனான். ஓடி ஓடி மூச்சு வாங்க வாங்கக் கத்துனான். நானும் இங்க வரைக்கும் வந்து கத்துனேன், இந்தக் காத்துல யாருக்குக் கேக்கும்." கொம்பையா படத்தைத் தொட்டுக் காட்டினான். "கடைசில எறியாதீங்கம்மா, எறியாதீங்கன்னான். பெறவு ஒண்ணும் இல்ல. என்னத்தளா எறிஞ்சீய?"

"கல்லு."

"யாரு?"

மாடத்தி சுத்தியலை இறக்கி வைத்தாள்.

"எல்லாரும் எறிஞ்சோம்" என்றாள். "அவன விழ வச்சது என் கல்லு."